ஆறு மாதம் அசையாத பணம்: கனடா விண்ணப்பமும் வங்கிக் கடிதமும்

[காட்சி: கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள்.]

இந்த வாசலில் நின்றால் பின்தெருவில் போகும் மாட்டுவண்டி தெரியும். தூண்கள் பர்மாத் தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல். இந்த வீட்டில் பங்குள்ள ஓர் இளைஞர், திறன்மிகு தொழிலாளராகக் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறார். போய் இறங்கியதும் குடும்பம் நடத்தப் போதிய பணம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்த வீட்டைக் காட்டினால் போதாதா?

போதாது. அசையாச் சொத்தின் மதிப்பைக் கனடாக் குடியேற்றத் துறை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பதினாறு பங்காளிகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சேர்க்காது.

[காட்சி: இரும்புப் பெட்டி திறக்கிறது. உள்ளே நகைப் பைகள்.]

நகையும் அப்படித்தான். விற்றுப் பணமாக்கி வங்கியில் போட்டால்தான் அது பணம். பெட்டிக்குள் இருக்கும்வரை அது அழகு.

நான் காரைக்குடியில் வங்கிக் கவுன்ட்டருக்கு உள்பக்கம் முப்பது வருடம் உட்கார்ந்தவன். பணம் இருக்கிறது என்று காட்ட வங்கி தரும் சான்றுக் கடிதங்களில் பலவற்றைத் தட்டச்சு செய்திருக்கிறேன். முதல் கடிதத்தைத் தப்பாகவும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

[காட்சி: திரையில் எண்கள்.]

முதலில் தொகை. திறன்மிகு தொழிலாளர்களைக் கனடா தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் இதற்கு ஒரு பட்டியல் உண்டு, ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். 2025 ஜூலை 7 அன்று வந்த பட்டியல்படி, தனி ஆளுக்கு 15,263 கனடா டாலர். இருவர் என்றால் 19,001, மூவர் என்றால் 23,360, நால்வர் என்றால் 28,362. விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறதோ அதைப் பாருங்கள். ஏற்கெனவே கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தின் பேரில் விண்ணப்பிப்பவர்களுக்கும், அங்கே வேலை செய்ய அனுமதியும் முறையான வேலை உத்தரவும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சான்று தேவையில்லை. நம் ஊரிலிருந்து நேராகக் கிளம்புகிறவர்களுக்குத் தேவை.

தலைக்கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இங்கே நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் திருமணமானால் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம்; கோயிலுக்குப் புள்ளி வரி. எத்தனை புள்ளி என்றால் யாருக்கும் குழப்பம் வராது. (கனடாக்காரர்களும் புள்ளி போடுகிறார்கள், ஆனால் அது வயதுக்கும் படிப்புக்கும் ஆங்கிலத்துக்கும் போடுவது.) அவர்களுடைய குடும்பக் கணக்கில் நீங்கள், மனைவி அல்லது கணவர், 22 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் வருவார்கள். மனைவியும் குழந்தையும் இப்போது கூட வரப்போவதில்லை, தேவகோட்டையில்தான் இருக்கப்போகிறார்கள் என்றாலும் அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். உங்களோடு ஒரே அடுப்பில் சாப்பிடும் ஆத்தாவும் அப்பச்சியும் (அம்மாவும் அப்பாவும்) இந்தக் கணக்கில் இல்லை.

[காட்சி: பழைய பேரேடு ஒன்றின் பக்கங்கள் புரள்கின்றன.]

ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் ஊர் இது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. கடல் கடந்த பணத்துக்குக் காகிதம் வேண்டும் என்பதை இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் என் கவுன்ட்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "இன்றைக்கு இருப்பு எவ்வளவு என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் அண்ணே" என்றுதான் கேட்டார்கள்.

கேட்கப்படுவது இன்றைய இருப்பு மட்டுமல்ல. கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் வேண்டும்.

கணவன், மனைவி, ஒரு குழந்தை. 23,360 டாலர் வேண்டும். ஒரு டாலர் 64 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14,95,040 ரூபாய். கணக்கில் ஐந்து மாதம் 2 லட்சம்தான் கிடந்தது. ஆறாவது மாதத் தொடக்கத்தில் உறவினர்களிடம் திரட்டி 16 லட்சமாக்கிவிட்டார்கள். இன்றைய இருப்பு கம்பீரமாக இருக்கிறது. சராசரி?

[காட்சி: கரும்பலகையில் சுண்ணக்கட்டி. ஐந்து முறை 2, ஒரு முறை 16, கூட்டினால் 26. ஆறால் வகுத்தால் 4.33.]

நாலு லட்சத்து முப்பத்து மூவாயிரம். இந்த இரண்டு எண்களும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்த வரியில் நிற்கும். பார்க்கிற அதிகாரிக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டாம். சராசரி குறைந்ததற்காகவே விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடாது. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

நிலம் விற்ற பணமா, கிரயப் பத்திரம் வையுங்கள். நம் பத்திரங்கள் தமிழில் இருக்கும், ஆகவே ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். உங்கள் சித்தப்பா ஆங்கில ஆசிரியராக ஓய்வு பெற்றவராக இருந்தாலும் அவர் மொழிபெயர்க்கக் கூடாது. குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பு ஏற்கப்படாது. நகை விற்ற பணமா, பில்லை வைத்துக்கொள்ளுங்கள், பணம் வங்கி வழியாகவே வரட்டும். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை நம் வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. ஐயா கொடுத்ததா, அன்பளிப்பு என்றும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம், கூடவே அவர் கணக்கிலிருந்து பணம் புறப்பட்டதைக் காட்டும் அறிக்கை.

கைமாற்று மட்டும் கூடாது. கடன் வாங்கிய பணத்தைக் காட்ட முடியாது என்று விதியே சொல்கிறது. நகைக்கடனும் கடன்தான். ஒரு பெண்மணி மகனுக்காக வளையல்களை அடகு வைத்து 8 லட்சம் கொண்டுவந்தார். "இது என் நகை தம்பி, யாரிடமும் கை நீட்டவில்லையே" என்றார். அந்தக் கடன் கணக்கும் அவர் மகன் பெயரிலேயே, எங்கள் கிளையிலேயே இருந்தது. கடிதத்தில் கடன் நிலுவை என்ற வரிக்கு நான் என்ன எழுதுவேன்?

ஆம், கடனையும் எழுத வேண்டும். நான் முதலில் கொடுத்த தப்பான கடிதத்தில் விட்டுப்போனது அதுதான். பெயர், கணக்கு எண், இருப்பு, முத்திரை, அவ்வளவுதான் போட்டேன். அந்தக் கடிதத்தை வாங்கிப்போன பையன் காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்குமாக மூன்று முறை அலைந்தான்.

[காட்சி: மேசையில் வங்கியின் முகப்புத்தாள். ஒவ்வொரு வரியிலும் விரல் நகர்கிறது.]

இப்படி இருக்க வேண்டும். வங்கியின் பெயர் அச்சிட்ட தாள். அதில் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். உங்கள் பெயர், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளோடு; பாஸ்புக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும், வைப்புநிதி உட்பட, எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, ஆறு மாதச் சராசரி. கடைசியில் கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன், நகைக்கடன் என்று நிலுவை அத்தனையும். ஒன்றும் இல்லையென்றால் "இல்லை" என்று ஒரு வரி.

சராசரியை எழுதித்தரும் வழக்கம் இல்லை என்று சில கிளைகளில் சொல்வார்கள். வாதாடாதீர்கள். இந்த வரிசையில் ஒரு மாதிரிக் கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய் மேலாளரிடம் கொடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். அனுபவத்தில் சொல்கிறேன்.

கூட வரும் மனைவி பெயரில் மட்டும் உள்ள கணக்கையும் சேர்க்கலாம், அதை நீங்கள் எடுத்துச் செலவழிக்க முடியும் என்று காட்ட வேண்டும். விண்ணப்பிக்கலாம் என்று கனடாவிலிருந்து அழைப்பு வந்தபின் விண்ணப்பம் போட 60 நாள்தான், ஆகவே கடிதத்துக்கான ஏற்பாடு அதற்கு முன்பே நடக்கட்டும். பொய்க் கடிதம் பிடிபட்டால் ஐந்து வருடத்துக்குக் கனடா வாசல் மூடிவிடும்.

[காட்சி: ஏடிஎம் முன்னால் ஒருவர் தயங்கி நிற்கிறார்.]

விண்ணப்பம் போட்டாகிவிட்டது என்று பணத்தை எடுத்துவிடாதீர்கள். குடியேற்ற விசா தரும் நாளிலும் அந்தத் தொகை இருக்க வேண்டும். ரூபாய் சரிந்தால் தேவை ஏறும். மேலே சொன்ன குடும்பத்துக்கு டாலர் 66 ஆனால் 46,720 ரூபாய் கூடுதல். சரிக்குச் சரியாக வைத்திருப்பவர்கள் அப்போது ஓடுவார்கள். நான் ஒரு லட்சமாவது மேலே வைக்கச் சொல்வேன்.

[காட்சி: விமான நிலையம். கைப்பை.]

இறங்கும்போது 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ கொண்டுபோனால் எல்லை அதிகாரியிடம் சொல்ல வேண்டும். ரொக்கம் மட்டுமல்ல, வங்கி வரைவோலையும் இதில் சேரும். கொண்டுபோவது குற்றமில்லை. கேட்கும்போது மறைப்பதுதான் குற்றம். வரைவோலையையும் கடிதத்தின் நகலையும் பெட்டிக்குள் ஊறுகாய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கைப்பையிலேயே இருக்கட்டும்.