ஈரக் கையில் ஒரு மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருப்பார்கள். கிளையில் இருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்து, புத்தகத்தைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 1934ல் ராஜர் டோரி பீட்டர்சன் என்ற அமெரிக்க ஓவியர், பறவைப் படங்களில் அடையாளம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிறு கோடு இழுத்துக் காட்டினார். அதன் பிறகு களக் கையேடு என்றாலே அந்த மாதிரிதான். ஆற்று மீன்களுக்கு இப்படியொரு கையேடு செய்யும் வேலையில் நானும் சில நண்பர்களும் இறங்கியிருக்கிறோம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

உலகில் அறியப்பட்ட மீன் இனங்கள் 35,000க்கும் மேல். அவற்றில் ஏறக்குறையப் பாதி நன்னீரில் வாழ்கின்றன. ஆறும் ஏரியும் குளமும் சேர்ந்து பூமியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு மீன்கள்!

ஆனால் தண்ணீருக்குள் மீன் வெறும் நிழல்தான். வலையில் ஏறினால்தான் உருவம் தெரியும். ஏறிய நொடியிலிருந்து அதற்கு மூச்சுத் திணறல். அதனால் எங்களுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: ஈரக் கையில் மீனை வைத்திருப்பவர், அதை உயிரோடு தண்ணீரில் விடுவதற்குள் பெயரைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஈரக் கை என்று அழுத்திச் சொல்கிறேன். மீனின் மேலுள்ள வழுவழுப்புதான் அதற்குக் கவசம். உலர்ந்த கை பட்டால் அது வழிந்துபோகும், அப்புறம் நோய் ஒட்டிக்கொள்ளும்.

சரி, எந்தப் பகுதிக்குக் கையேடு? நிர்வாக எல்லைக்குள் அடக்கினால் புத்தகம் போடுவது சுலபம். மீனுக்கு அந்த எல்லை தெரியாதே. அதற்குத் தெரிந்த எல்லை மலைமுகடு. முகட்டின் இரு பக்கமும் பெய்யும் மழை இரண்டு வேறு ஆறுகளுக்குப் போகிறது. நன்னீர் மீன் பெரும்பாலும் அந்த முகட்டைத் தாண்டாது. நடந்தால் அரைநாள் தூரம்தான், ஆனாலும் இந்தச் சரிவின் ஓடையில் ஓர் இனம், அந்தச் சரிவில் அதன் உறவுக்கார இனம் என்று இருக்கும். ஆகவே எங்கள் வரைபடங்களில் ஆற்றுப்படுகைகள்தான் எல்லைக்கோடுகள்.

அதிக நேரம் பிடித்தது படம் எடுப்பதுதான். முதலில் அருங்காட்சியகக் குப்பிகளில் இருந்த மீன்களை எடுத்தோம். அத்தனையும் வெளிறிய பழுப்பு. பார்மலினிலும் சாராயத்திலும் கிடந்தால் கறுப்புப் புள்ளிகளும் பட்டைகளும் தங்கும். சிவப்பும் மஞ்சளும் போய்விடும். கரையில் துள்ளும் மீனுக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஆற்றங்கரைக்கே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுபோனோம். ஆற்றுத் தண்ணீரையே அதில் ஊற்றி, மீனை விட்டு, பின்னால் ஒரு கண்ணாடித் தகடு வைத்து மெதுவாக முன்னுக்குக் கொண்டுவருவோம். மீன் பக்கவாட்டில் நிற்கும். துடுப்பை விரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எப்போதும் தலை இடப்பக்கம் இருக்கும்படி எடுக்கிறோம், பக்கம் பக்கமாக ஒப்பிட அது வசதி.

அப்படி எடுத்தும் ஒரு மீனுக்கு ஒரு படம் போதவில்லை. முட்டையிடும் காலத்தில் ஆண் மீன் சிவந்துபோகும், பெண் வெள்ளியாகவே இருக்கும். குஞ்சில் இருக்கும் பட்டை வளர்ந்தபின் மறைந்துவிடும். பார்ப்பவர் இரண்டு இனம் என்றுதான் எண்ணுவார். அறிஞர்களே ஏமாந்திருக்கிறார்கள். ஐரோப்பிய விலாங்கின் குஞ்சு இலைபோலத் தட்டையாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். 1856ல் அதைத் தனி மீன் என்று நினைத்துத் தனிப்பெயரே வைத்தார்கள். அது விலாங்கின் குஞ்சுதான் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியபோது ஆண்டு 1896.

பெயர்களைக் கேட்கப் போனால் அது தனி உலகம். வலை போடுகிறவர் ஒரே மீனைச் சின்னதாக இருக்கும்போது ஒரு பெயரிலும் பெரிதானபின் வேறு பெயரிலும் அழைப்பார். கெண்டை என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ இனங்கள் நீந்துகின்றன. எது சரி என்று தீர்ப்பு சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. கேட்ட பெயர்களையெல்லாம், எந்த ஆற்றுக்கரையில் கேட்டோம் என்பதோடு சேர்த்து எழுதிவைக்கிறோம். அறிவியல் பெயர் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும்.

வந்தேறி மீன்களையும் சேர்க்கிறோம். திலாப்பியாவும், கொசுவை ஒழிக்கவென்று நாடு நாடாகக் கொண்டுபோய் விட்ட கம்பூசியாவும் வலையில் வரத்தான் செய்கின்றன. அவை எங்கே நுழைந்திருக்கின்றன என்பது தெரிந்தாக வேண்டும். அரிய மீன்களின் துல்லியமான இடத்தை மட்டும் அச்சிட மாட்டோம். வண்ண மீன் வணிகத்துக்காக ஓர் ஓடையையே வழித்துவிட ஆட்கள் உண்டு. படுகையின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

போன மாதம், மீனையே கையில் எடுத்திராத சிலரிடம் வரைவுப் பிரதியைக் கொடுத்தோம். பதில் சொல்லச் சொல்ல, அதிலுள்ள கேள்விகள் மீனின் பக்கத்துக்கு வழிகாட்டும். 'வாயோரத்தில் மீசை உண்டா?' என்பது முதல் கேள்வி. எல்லோரும் இல்லை என்றார்கள். இருந்தது! சின்னக் கெண்டையின் மீசை மெல்லிய நூல், வாயின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரிவதில்லை. அந்த ஒரு தவறான பதிலால் மற்ற கேள்விகளும் தடம் மாறி, வேறு பக்கத்துக்குப் போய்விட்டார்கள். பழகிய எங்கள் கண்ணுக்கு இது தோன்றவே இல்லை. இப்போது கேள்வியை மாற்றியிருக்கிறோம்: 'மீனைத் தண்ணீருக்குள் பிடித்தபடி வாயோரத்தைப் பாருங்கள், மீசை மிதந்து எழுகிறதா?' அடுத்த வாரம் மறுபடியும் அவர்களோடு ஆற்றுக்குப் போகிறோம்.

நன்றி, வணக்கம்.