உருளைக்கிழங்கும் கிழிந்த கடிதமும்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் வாசக நண்பர்களே, வணக்கம்.

“குறைகளும் சிக்கல்களும் நிறைந்த பெண் எழுத்தாளர்களுக்கு, அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் நியாயம் செய்தார்களா?” என்பது தலைப்பு. செய்யவில்லை என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்ந்தார்: “எழுதியவர்களில் பலர் பெண்கள்தானே? தோழியே தோழியைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறாரே, அதிலுமா அநியாயம்?” அந்த அன்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டி 1855-இல் இறந்தார். அவருடைய தோழியும் நாவலாசிரியருமான எலிசபெத் கேஸ்கல், 1857-லேயே அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில் ஒரு காட்சி வரும். வீட்டில் டேபி என்றொரு வயதான பணிப்பெண். பார்வை மங்கிவிட்டது. அவர் தோல் சீவிய உருளைக்கிழங்கில் கறுப்புப் புள்ளிகள் அங்கங்கே தங்கிவிடும். உள்ளே சார்லட் எழுதிக்கொண்டிருப்பார், கதை பெருக்கெடுத்து வரும் நேரம். அப்படியே பேனாவை வைத்துவிட்டு, ஓசைப்படாமல் சமையலறைக்குப் போய், டேபிக்குத் தெரியாமல் பாத்திரத்தைத் தூக்கி வந்து, அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். கிழவியின் மனம் நோகக் கூடாதாம். படித்தபோது எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது.

ஆனால் இந்தக் காட்சி எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சார்லட்டின் ‘ஜேன் ஐர்’ நாவலை நாகரிகமற்ற எழுத்து என்று அன்றைய விமர்சகர்கள் சிலர் ஏசியிருந்தார்கள். அந்த ஏச்சுக்குப் பதில் சொல்ல கேஸ்கல் எடுத்து வந்த சாட்சி உருளைக்கிழங்கு. நல்ல மகள், நல்ல அக்கா, இரக்கமுள்ள எசமானி. சார்லட்டின் வாழ்வு எழுத்தாளர் என்றும் பெண் என்றும் இரண்டு ஓடைகளாகப் பிரிந்து ஓடியதாகவும் அவர் எழுதுகிறார். எந்த ஆண் எழுத்தாளரின் வாழ்க்கையை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்?

அன்பு மறைத்ததற்கு வருகிறேன். பிரஸ்ஸல்ஸில் தனக்குப் பாடம் சொன்ன கான்ஸ்டன்டின் எஜே என்ற ஆசிரியரை சார்லட் காதலித்தார். அவர் மணமானவர். ஊர் திரும்பிய பின் 1844, 1845-ஆம் ஆண்டுகளில் சார்லட் அவருக்கு எழுதிய கடிதங்களில் நான்கு இன்றும் இருக்கின்றன. மூன்று கிழிக்கப்பட்டவை. துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்தவர் எஜேயின் மனைவிதான் என்பது அந்தக் குடும்பம் சொன்ன செய்தி. காகிதத்தில் ஊசி நூல் ஓடிய தடம் தெரியும். பதிலுக்காகக் காத்துக் காத்து ஓய்ந்த ஒரு பெண்ணின் சொற்களுக்கு நடுவே அந்தத் தையல் போகிறது.

கேஸ்கலுக்கு இது தெரியும். 1856-இல் பிரஸ்ஸல்ஸுக்கே போய் எஜேயைச் சந்தித்தார். ஊறு விளைவிக்காத சில வரிகளை மட்டும் நூலில் சேர்த்துக்கொண்டு மற்றதை மூடிவைத்தார். அந்த ஆண்டுகளில் சார்லட் பட்ட துயரத்துக்குத் தம்பி பிரான்வெல்லின் சீரழிவைக் காரணம் காட்டினார். சார்லட்டின் ‘வில்லெட்’ நாவலின் வேரே அந்த பிரஸ்ஸல்ஸ் காதல். வேரைப் புதைத்துவிட்டு மரத்தை மட்டும் காட்டினால் வாசகன் என்ன புரிந்துகொள்வான்?

“ஆண்களின் ரகசியத்தையும்தான் மறைத்தார்கள்” என்று எதிரணி சொல்லும். உண்மை. நாவலாசிரியர் டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் 1872 முதல் 1874 வரை மூன்று தொகுதிகளாக எழுதினார். எலன் டெர்னன் என்ற பெண்ணோடு டிக்கன்ஸுக்கு இருந்த உறவைப் பற்றி மூச்சுவிடவில்லை. பிற்சேர்க்கையில் அச்சிட்ட டிக்கன்ஸின் உயிலில் மட்டும் எலனின் பெயர் முதலாவதாக, ஆயிரம் பவுண்டோடு நிற்கிறது. ஆனால் டிக்கன்ஸ் நல்லவர் என்று காட்ட ஃபார்ஸ்டருக்குச் சமையலறைக்குள் போகவேண்டியிருக்கவில்லை. எந்த நாவல் எப்படி உருவானது, தலைப்பு எத்தனை முறை மாறியது என்று பக்கம் பக்கமாக எழுத முடிந்தது. பிராண்டி சகோதரிகள் மூவரும் இரவில் அறைக்குள் நடந்தபடியே கதை பேசியதை கேஸ்கலும் எழுதினார், மறுக்கவில்லை. எனினும் அவருடைய வழக்கு நாவலுக்காக நடந்ததன்று, நற்பெயருக்காக நடந்தது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிது. தங்கை ஆன் 1849-இல் இறந்தபின், அவருடைய ‘வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலைப் பாதுகாக்க வேண்டியதில்லை என்று சார்லட் பதிப்பாளருக்கு எழுதினார். குடிகாரக் கணவனை விட்டு வெளியேறும் பெண்ணின் கதை அது. அதற்கு அந்தக் கருவைத் தேர்ந்ததே பிழை என்றார். ஒரு எழுத்தாளர் இன்னொரு எழுத்தாளருக்குச் செய்த அநீதி இது. சார்லட்டின் குறை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காதல் எப்படிக் குறையாகும்? ஆனால் காதலை மூடுவதிலும் பிறகு திறப்பதிலும் செலவழித்த உழைப்பில் எத்தனை பங்கு இந்தக் கேள்விக்குக் கிடைத்தது?

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தின் கதை வேறு. அங்கே மூடியவர்கள் குடும்பத்தார். அவர் 1963-இல் இறந்தபின், கடைசி நாட்குறிப்பைத் தானே அழித்ததாக, பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்று அப்படிச் செய்ததாக, கணவர் டெட் ஹியூஸ் பின்னாளில் எழுதினார். 1989-இல் ஆன் ஸ்டீவன்சன் எழுதிய வரலாற்றில், டெட்டின் அக்காளான ஆல்வின் ஹியூஸின் பங்களிப்பால் இது ஏறக்குறைய இருவர் எழுதிய நூலாகிவிட்டது என்று ஆசிரியர் குறிப்பே சொல்கிறது. நாத்தனார் பாதி எழுதிய வரலாற்றை நியாயம் என்று இந்த அவை ஏற்குமா? பிளாத் கோபக்காரர், பொறாமைக்காரர், உடனிருக்கக் கடினமானவர், இருக்கட்டும். அதே பெண் 1962 அக்டோபரில், குழந்தைகள் விழிக்குமுன் விடியற்காலை எழுந்து, அந்த ஒரே மாதத்தில் ஏறத்தாழ 25 கவிதைகள் எழுதினார். மரணத்திலிருந்து பின்னோக்கியே அவரைப் படித்தவர்களுக்கு, அந்த விடியற்காலைகள் நோயின் அறிகுறியாகத் தெரிந்தன. எனக்கு அவை வேலையாகத் தெரிகின்றன.

“இன்று நல்ல வரலாறுகள் வந்துவிட்டனவே” என்றார் எதிரணியில் பேசிய அம்மையார். வந்திருக்கின்றன. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபைப் பற்றி ஹெர்மயோனி லீ 1996-இல் எழுதிய நூலை நான் வணங்குகிறேன். எழுதும் பெண்ணுக்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்ற அதே உல்ஃப், 18 ஆண்டுகள் தன் வீட்டில் வேலை செய்த நெல்லி பாக்ஸாலைப் பற்றி நாட்குறிப்பில் கசந்து கசந்து எழுதினார். எசமானியையும் பணிப்பெண்ணையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் ஆலிசன் லைட்டின் நூல் 2007-இல் வந்தது. உல்ஃப் இறந்து 66 ஆண்டுகள் ஆகியிருந்தன. குறையைச் சொன்ன அந்த நூலால் உல்ஃப் சிறுத்துப் போகவில்லை. அப்படி எழுத முடியும் என்றால் முன்பே ஏன் எழுதவில்லை என்பதுதான் எங்கள் வழக்கு.

நடுவர் அவர்களே, எஜேக்கு சார்லட் எழுதிய அந்தக் கடிதங்கள் அச்சில் முழுமையாக வெளிவந்தது 1913-இல். கேஸ்கலின் நூல் வந்ததிலிருந்து 56 ஆண்டுகள் வாசகர்கள் உருளைக்கிழங்கு சார்லட்டை மட்டுமே அறிந்திருந்தார்கள். கிழிபடாத நான்காவது கடிதத்தின் ஓரத்தில் எஜே ஏதோ குறித்து வைத்திருக்கிறார். பதில் இல்லை, ஒரு செருப்புத் தைப்பவரின் பெயர். அந்தக் கடிதத்தை எங்கள் அணியின் சாட்சியாக உங்கள் முன் வைத்து அமர்கிறேன். வணக்கம்.