பாவ்லோ பாஃபி அனுப்பிய ஆய்வாளர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மத்திய வங்கியின் ஆளுநர் என்றால் நமக்கு வட்டி விகிதம்தான் நினைவுக்கு வரும். இத்தாலிக்காரர் என்றால், ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராக இருந்த மரியோ டிராகி. நான் இன்று பேச எடுத்துக்கொண்டவர் பாவ்லோ பாஃபி. ஆளுநரின் துணிச்சல் வங்கிகளைத் தணிக்கை செய்வதில்தான் தெரியவரும் என்று நான் நம்புவதற்கு அவரே காரணம்.

1911-இல் வட இத்தாலியின் புரோனி என்ற ஊரில் பிறந்தார். மிலானில் பொக்கோனி பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1936-இல் இத்தாலிய மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1960-இல் தலைமை இயக்குநர், 1975-இல் ஆளுநர்.

வந்த நேரம் சரியில்லை. 1976 ஜனவரியில் அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோய், செலாவணிச் சந்தையையே மூட வேண்டியதாயிற்று. மார்ச் முதல் தேதிதான் திறந்தார்கள். அக்டோபரில் வட்டி 15 சதவீதத்துக்குப் போனது. அப்புறம், ஐரோப்பிய நாடுகளின் நாணய மதிப்புகள் ஒன்றுக்கொன்று அதிகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் ஐரோப்பிய நாணய ஏற்பாடு வந்தது. மற்ற நாணயங்கள் மேலும் கீழும் 2.25 சதவீதம்தான் அசையலாம். இத்தாலிய நாணயமான லிராவுக்கு 6 சதவீதம் வேண்டும் என்று பாஃபி வற்புறுத்தினார், கிடைத்தது. தன் நாட்டுப் பணவீக்கத்தை அறிந்தவரின் நிதானம் அது.

சரி, தணிக்கைக்கு வருகிறேன். வங்கிக் கண்காணிப்பு மாரியோ சார்சினெல்லி என்ற துணைத் தலைமை இயக்குநரின் பொறுப்பில் இருந்தது. மிக்கேலே சிந்தோனா என்ற வங்கி அதிபரின், 1974-இல் மூழ்கிய வங்கியின் சுமையைப் பொதுப் பணத்தில் ஏற்றும் திட்டத்தோடு செல்வாக்குள்ளவர்கள் வந்தார்கள். பாஃபியும் சார்சினெல்லியும் மறுத்துவிட்டார்கள். 1978-இல் ராபர்டோ கால்வி தலைவராக இருந்த பாங்கோ அம்புரோசியானோ என்ற வங்கிக்குள் ஆய்வாளர்கள் நுழைந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் சில அந்த வங்கியின் பங்குகளை வைத்திருந்தன. அந்தக் கம்பெனிகள் யாருடையவை, அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஏறத்தாழ 500 பக்கத்துக்கு அறிக்கை தயாரானது.

நாணய ஏற்பாடு 1979 மார்ச் 13-இல் தொடங்கியது. பதினோரு நாள் கழித்து, மார்ச் 24 அன்று, சார்சினெல்லியைக் கைது செய்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஆளுநர் மீதும் வழக்கு. வயதை முன்னிட்டுத்தான் சிறைக்கு அனுப்பவில்லை. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சார்தீனியாவின் கடன் நிறுவனம் ஒன்று ஒரு ரசாயனக் கம்பெனிக்குக் கொடுத்த கடன்கள் பற்றிய ஆய்வறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லையாம். கறாராகத் தணிக்கை செய்தவர்கள் மீது தணிக்கையின் பெயராலேயே வழக்கு! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இத்தாலியப் பொருளாதார அறிஞர்கள் பலர் வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில், மூழ்கிய சிந்தோனா வங்கியின் கணக்கைத் தீர்த்து மூடும் கலைப்பு அதிகாரி ஜியோர்ஜியோ அம்புரோசோலி மிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏவியவர் சிந்தோனாதான் என்று பின்னால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதிச் சடங்குக்கு அரசாங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வழக்கைச் சுமந்துகொண்டிருந்த பாஃபி போனார். அவருடைய பணிவாழ்க்கை முழுவதிலும் எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிவது இந்த ஒரு செயல்தான்.

அந்த அக்டோபரில் பதவியை விட்டார். கார்லோ அசெலியோ சாம்பி என்பவர் ஆளுநரானார், பிற்பாடு நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். 1981-இல் பாஃபியும் சார்சினெல்லியும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அம்புரோசியானோ திவாலானது. 1978-இல் ஆய்வாளர்கள் கேட்ட அந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் வழியாகத்தான் நூறு கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. சார்சினெல்லி நிதித் துறையின் தலைமை இயக்குநராக அரசுப் பணிக்குத் திரும்பினார். பாஃபி ஆளுநர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. ஆராய்ச்சியும் எழுத்துமாக இருந்து 1989-இல் காலமானார்.