ஓல்கா லதீஷென்ஸ்கயா: தீர்வு உண்டா என்று கேட்டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நீரும் காற்றும் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளை 1822இல் பிரான்ஸின் நேவியே முன்வைத்தார். 1845இல் பிரிட்டனின் ஸ்டோக்ஸ் அவற்றுக்கு உறுதியான அடித்தளம் அமைத்தார். விமான இறக்கையின் வடிவமைப்பும் வானிலைக் கணிப்பும் இன்று இவற்றை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் இந்தச் சமன்பாடுகளுக்கு எப்போதும் தீர்வு இருக்கிறதா? இருந்தால், அது ஒன்றே ஒன்றுதானா? கணினி எண்களைக் கொட்டுகிறது என்பது இதற்கு விடையாகாது. இல்லாத ஒன்றுக்குக்கூடக் கணினி எண்களைத் தந்துவிடும். இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக் காலம் விடாமல் துரத்திய ஓல்கா லதீஷென்ஸ்கயாவைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

ரஷ்யாவின் கொலோக்ரிவ் என்ற சிற்றூரில் 1922 மார்ச் 7 அன்று பிறந்தவர். தந்தை கணித ஆசிரியர். மகள்களுக்கு முதன்முதலில் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 1937இல் சோவியத் அதிகாரிகள் அவரைக் கைது செய்து கொன்றார்கள். ‘மக்கள் விரோதி’யின் மகள் என்ற முத்திரை ஓல்கா மீது விழுந்தது. 1939இல் தேர்வை நன்றாக எழுதியும் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தார். போர் மூண்டதும் லெனின்கிராடைவிட்டு வெளியேறி, பின்னர் சொந்த ஊர்ப் பள்ளியில், தந்தையைப் போலவே, கணிதம் கற்பித்தார். 1943இல்தான் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தது. அங்கே வகைக்கெழுச் சமன்பாடுகளில் பேரறிஞரான பெத்ரோவ்ஸ்கி அவருக்கு வழிகாட்டினார். 1947இல் பட்டம் பெற்று லெனின்கிராட் சென்றவர், அந்த நகரிலேயே வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார்.

இனி அவருடைய கணிதத்துக்கு வருகிறேன். சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

ஓடும் நீரின் இயக்க ஆற்றல், வெளியிலிருந்து விசை ஏதும் இல்லையென்றால், உள் உராய்வால் குறைந்துகொண்டே போகும். இந்த எளிய உண்மையிலிருந்து இரண்டு உறுதிகள் கிடைக்கின்றன. ஒன்று, வேகத்தின் வர்க்கத்தை இடம் முழுவதும் கூட்டினால் வரும் தொகை எல்லை மீறாது. மற்றொன்று, வேகம் இடத்துக்கு இடம் மாறும் அளவின் வர்க்கத்தை இடம் முழுவதும், காலம் முழுவதும் கூட்டினாலும் அது முடிவுள்ளதாகவே இருக்கும். இந்த இரண்டையும் கொண்டு 1934இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெரே ‘பலவீனத் தீர்வு’ ஒன்று, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் அல்லாமல் சராசரியாகச் சமன்பாட்டை நிறைவு செய்யும் தீர்வு, இருப்பதை நிறுவினார். ஆனால் முப்பரிமாணத்தில் அது ஒன்றே ஒன்றுதான் என்று அவரால் காட்ட முடியவில்லை.

லதீஷென்ஸ்கயா 1950களின் பிற்பகுதியில் இருபரிமாண ஓட்டத்தை எடுத்துக்கொண்டார். சமன்பாட்டில் கட்டுக்கடங்காமல் போகக்கூடியது, நீர் தன்னையே சுமந்து செல்வதைக் குறிக்கும் பகுதி. அதை அடக்க அவர் ஒரு சமனிலியை, அதாவது ஓர் அளவு மற்றொன்றைத் தாண்டாது என்னும் விதியை, கண்டார். வேகத்தின் நான்காம் அடுக்கின் தொகை, மேலே சொன்ன இரண்டு தொகைகளையும் பெருக்கி, அதை ஒரு மாறிலியாலும் பெருக்கினால் வருவதைத் தாண்டாது. அவ்வளவுதான். மூன்று நான்கு வரிகளில் நிறுவிவிடலாம். அதை வைத்துக்கொண்டு, எல்லைச் சுவர்கள் உள்ள பரப்பிலும், எவ்வளவு காலம் ஆனாலும், தீர்வு உண்டு, அது ஒன்றுதான் என்று அவர் நிறுவினார். இவ்வளவு சிறிய கருவி இவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பு வருகிறது.

முப்பரிமாணத்தில் என்ன ஆகிறது? அதே சமனிலியில் இரண்டாவது தொகை ஒன்றரை அடுக்காக உயர்ந்துவிடுகிறது. ஆற்றல் கணக்கு நமக்கு உறுதி தருவதோ ஓர் அடுக்குக்கு மட்டும். அந்த அரை அடுக்குதான் இடறல். 2000இல் கிளே கணித நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு கணக்குகளில், நேவியே–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளின் இந்த முப்பரிமாணக் கேள்வியும் ஒன்று. இன்னும் தீரவில்லை.

அவர் இந்த ஒரு கணக்கோடு நின்றவரல்லர். தம் மாணவி நீனா உரால்ட்சேவாவுடன் சேர்ந்து, ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900இல் எழுப்பிய 19ஆம், 20ஆம் கணக்குகளின் வழியில் காலத்தோடு மாறாத சமநிலைகளை விவரிக்கப் பெரிதும் பயன்படும் நீள்வட்ட வகைச் சமன்பாடுகளுக்குப் பரந்த கோட்பாடு ஒன்றைக் கட்டினார். கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு 1958இல் பரிசீலிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்; பதக்கம் ரோத், தோம் என்ற இரு கணிதவியலாளர்களுக்குப் போயிற்று. ஸ்டெக்லோவ் கணித நிறுவனத்தின் லெனின்கிராட் கிளையில் கணித இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நெடுங்காலம் நடத்தினார். கவிஞர் அன்னா அக்மதோவா அவருக்கு ஒரு கவிதையைக் காணிக்கையாக்கியிருக்கிறார் என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1966இல் மாஸ்கோவில் நடந்த உலகக் கணித மாநாட்டில் அவர் துணிச்சலான ஒரு யோசனையை வைத்தார். வேகம் மிகக் கூர்மையாக மாறும் இடங்களில் பாகுநிலையும், அதாவது நீரின் உள் உராய்வும், கூடும் என்று கொண்டு சமன்பாட்டையே சற்றுத் திருத்தினார். திருத்திய சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்திலும் ஒரே தீர்வு உண்டு என்று நிறுவினார். சமன்பாட்டை இயற்கையின் இறுதிச் சொல்லாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கணிதவியலாளருக்கு இந்த மனத்துணிவு அரிது.

2004 ஜனவரியில் மறைவதற்கு முந்தைய ஆண்டில், அந்தப் பரிசுக் கணக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தீர்வு எவ்வளவு வழவழப்பானது, அதாவது திடீர்த் தாவல்களோ கூர்முனைகளோ இல்லாதது, என்பது முதன்மையான கேள்வியல்ல. தொடக்க நிலையையும் எல்லை நிபந்தனைகளையும் கொடுத்தால், இந்தச் சமன்பாடுகள் அடுத்து நடப்பதை ஒரே விதமாகத் தீர்மானிக்கின்றனவா என்பதே கேள்வி என்று வாதிட்டார். அவர் சரியாகக் கேட்டார் என்றே நான் கருதுகிறேன். ஓட்டத்தை முன்கணிக்க நினைக்கும் எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

நன்றி, வணக்கம்.