முட்டி வீக்கமும் முகவாதமும்: அமெரிக்கா போய்வருவோர் கவனத்துக்கு

(மதுரை அண்ணா நகரில் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் நீங்களும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறிவிடுவீர்கள். நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் போகிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. மே முதல் ஜூலை வரை அந்தப் பகுதியில் உண்ணிக் குஞ்சுகளுக்கு உச்ச காலம். அவை பரப்புவது லைம் நோய்.

லைம் என்பது கனெக்டிகட்டில் ஓர் ஊர். 1970களின் நடுவில் அங்கே பிள்ளைகள் பலருக்கு முட்டி வீங்கியது. சிறுவர்களுக்கு வரும் முடக்குவாதம் என்றார்கள் மருத்துவர்கள். ஒரே வட்டாரத்தில் இத்தனை பிள்ளைகளுக்கா என்று விடாமல் கேட்டவர் பாலி மர்ரே என்கிற தாய். பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் ஆராயத் தொடங்கினார். உண்ணியின் குடலில் இருந்த சுருள் வடிவக் கிருமியைப் பற்றி 1982இல் வில்லி பர்க்டார்ஃபர் என்கிற விஞ்ஞானி எழுதினார். அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், பாதிப் பெருமை அந்தத் தாய்க்குச் சேர வேண்டும்.

உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். கடிப்பதே தெரியாது. முட்டிக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடம்புக்குள் இறங்கும். அதனால் தோட்டத்துக்கோ பூங்காவுக்கோ போய்வந்தால் அன்று மாலையே உடம்பைத் தடவிப் பாருங்கள்.

கடித்த 3 முதல் 30 நாளுக்குள், பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கடித்த இடத்தில் தடிப்பு வந்து மெல்லப் பரவும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும். நம் தோலில் கன்றிப்போனது மாதிரி இருக்கும், அரிப்பும் அதிகம் இராது. அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம்.

என்னிடம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். வலது முட்டி அப்படி வீங்கியிருந்தது, ஆனால் அந்த வீக்கத்துக்கு ஏற்ற வலி இல்லை. ஊசி போட்டு நீரை எடுத்தேன், மஞ்சளாய்க் கலங்கி வந்தது. யூரிக் அமிலம் சரியாக இருந்தது, முடக்குவாதப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. "எங்கயாச்சும் போயிருந்தீங்களாய்யா?" என்றேன். அவர் யோசிப்பதற்குள் அவர் மனைவி சொன்னார்: "மக வீட்ல பின்பக்கம் எலை அள்ளுனாக டாக்டர். தொடையில படை மாதிரி வந்துச்சு. அங்கிட்டு டாக்டர்ட்ட போனா காசு புடுங்கிருவாங்கன்னு களிம்பு தடவிவிட்டேன்." ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினோம், லைம்தான். 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். வீக்கம் படிப்படியாக வடிந்தது.

கடித்துப் பல மாதம் கழித்துத்தான் மூட்டு வீங்கும், பெரும்பாலும் முட்டிதான். "எலும்பை அரிக்குமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கிருமி எலும்பை நேரடியாகத் தாக்குவது அரிது. மூட்டின் உள்சவ்வில்தான் குடியேறுகிறது. அதை விரட்ட வரும் நம் எதிர்ப்பு சக்தியே சவ்வைப் புண்ணாக்குகிறது. கவனிக்காமல் நெடுநாள் விட்டால் குருத்தெலும்பு தேயும், அடியில் இருக்கிற எலும்பும் சேதமாகும். சிலருக்குக் கிருமி செத்த பிறகும் அதன் மேலுறைத் துணுக்குகள் மூட்டில் தங்கி வீக்கத்தை நீட்டிக்கும். அப்போது மேலும் மேலும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பயனில்லை, வாத நோய்க்கான மருந்துதான் வேண்டும்.

நரம்பைத் தாக்குவது இதைவிடச் சீக்கிரம், சில வாரங்களிலேயே. திடீரென்று வாய் ஒருபக்கம் கோணும், கண்ணை மூட முடியாது. இரண்டு பக்கமும் முகவாதம் வந்தால் லைமைக் கட்டாயம் நினைக்க வேண்டும். சிலருக்கு முதுகிலிருந்து கைகால் வரை இரவில் குத்தும் வலி வரும், சிலருக்கு மூளை உறை அழற்சியால் தலைவலி, கழுத்துப் பிடிப்பு. முகம் கோணினால் பக்கவாதமாகவும் இருக்கலாம், அதனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, வெளிநாடே போகாதவர்கள் மூட்டுவலிக்கு லைம் பரிசோதனை எடுக்க ஓட வேண்டாம். மதுரையில் இருந்துகொண்டே மூட்டுவலி என்றால் தேய்மானம், சிக்குன்குனியா, முடக்குவாதம் இவற்றைத்தான் முதலில் பார்ப்போம். ஆனால் புதர்க்காட்டுப் பக்கம் போய்வந்து காய்ச்சலும், உடம்பில் எங்காவது கருத்த பொருக்கும் இருந்தால் அது சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான் மருந்து, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள். தடிப்போ காய்ச்சலோ வந்தால் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். அதற்குத்தான் பயணக் காப்பீடு. ஊருக்கு வந்தபின் வந்தால், எந்த மாநிலத்தில், எந்த மாதம் இருந்தீர்கள் என்பதை எங்களிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள்.