போகி மூட்டையில போறதுக்கு முன்னாடி: பிள்ளைங்களோட பொங்கல் வாழ்த்து அட்டை

வணக்கங்க. மார்கழி முடியப் போகுது, எல்லார் வீட்டுலயும் பரண்ல இருந்த பழசெல்லாம் போகிக்கு இறங்கியிருக்கும். அந்த மூட்டையைக் கட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் என்கூட இருங்க. இதோ, பாய் மேல பரப்பி வச்சிருக்கேன் பாருங்க. சேர்ந்துபோன கல்யாணப் பத்திரிகைங்க, ஓட்ஸ் டப்பா, சோப்பு அட்டை, தினசரி காலண்டரோட பின் அட்டை. இதுலதான் இன்னைக்கு என் பொண்ணும் பையனும் பொங்கல் வாழ்த்து செய்யப் போறாங்க.

இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் பொங்கல் வாழ்த்துன்னா வாட்ஸ்அப்ல வர்ற படம்தான். 1980, 90கள்ல வளர்ந்தவங்களுக்குத் தெரியும், சிவகாசியில அச்சடிச்ச அட்டைங்க கடை வாசல்ல தொங்கும். சாமி படம், நடிகர் படம், ஜோடி மாடு, கரும்பு. உறையை ஒட்டாம செருகி மட்டும் விட்டு, மேல 'புக் போஸ்ட்'னு எழுதினா அப்ப தபால் செலவு குறைவா இருந்துச்சு. தன் பேருக்குன்னு ஒரு தபால் வர்ற சந்தோஷம் இருக்கே, அது எங்க பிள்ளைங்களுக்கும் கிடைக்கணும். அடுத்தவங்களுக்கு அதைக் கொடுக்கவும் தெரியணும்.

சரி, கல்யாணப் பத்திரிகை. இதை விட நல்ல அட்டை கடையில கிடைக்காது. பிள்ளையார் படத்தை வெட்ட மனசு வராதுல்ல? அதை ஓரமா முழுசா கத்தரிச்சு, புது அட்டையோட முகப்புல மேல வச்சிருங்க. பேரு, போன் நம்பர் இருக்கிற பக்கத்தை உள்ள மறைச்சு ஒட்டிருங்க, அவங்க விவரம் வெளிய போக வேண்டாம்.

மடிக்கும்போது ஒண்ணு கவனிங்க. எல்லா அட்டைக்கும் ஒரு வாட்டம் உண்டு. நீளவாக்குலயும் அகலவாக்குலயும் லேசா வளைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சுலபமா வளையும். அந்த வாட்டத்துல மடிச்சா விரிசல் வராது. எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வச்சு அழுத்தி ஒரு கோடு இழுத்துட்டு மடிங்க. பாருங்க, எவ்வளவு சுத்தமா உட்காருது! பெரியவ இதை இப்ப தனியாவே செய்றா.

பசை நாமளே காய்ச்சிக்கலாம். ஒரு ஸ்பூன் மைதா, அரை டம்ளர் தண்ணி, கட்டியில்லாம கரைச்சு சின்னத் தீயில கிண்டிட்டே இருங்க. பளபளன்னு திரண்டதும் இறக்கிருங்க. பைண்டிங் பண்றவங்க பூச்சி அரிக்காம இருக்க இதுல மயில்துத்தம் சேர்ப்பாங்க. அது விஷம், பிள்ளைங்க கை படுற இடத்துல வேண்டவே வேண்டாம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வெள்ளைத் தாள்ல மஞ்சள்தூள் கரைச்ச தண்ணியைப் பூசிக் காய வச்சிருக்கேன். இந்தக் கிண்ணத்துல ஆப்ப சோடா கரைச்சது. ஈர்க்குச்சி நுனியில பஞ்சு சுத்தி, இதுல தொட்டு, பெரியவ கோலம் போடுறா. கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க... சிவப்பு! பார்க்க வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கு, ஆனா கோடு செங்காவியா வருது. ஆரத்தித் தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்தா சிவக்குதுல்ல, அதேதான். மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற நிறப்பொருள், சோடா, சுண்ணாம்பு மாதிரி காரப்பொருள் பட்டா நிறம் மாறிடும். வெயில்ல வைக்காதீங்க, மஞ்சள் வெளுத்துரும்.

சின்னவன் பொங்கப்பானை செய்றான். ஓட்ஸ் டப்பாவோட உள்பக்கம் பழுப்பா இருக்குல்ல, அதையே பானையா வெட்டிட்டான். பொங்கி வழியிற நுரைக்குப் பூண்டுத் தோல். எவ்வளவு மெல்லிசா, ஓரத்துல லேசா ஊதா ஓடி, பானை விளிம்புல சுருண்டு நிக்குது பாருங்க. இதை அவனாவே கண்டுபிடிச்சான். பக்கத்துல மாடு வரைஞ்சிருக்கான், கொம்பு உடம்பை விடப் பெருசு. தயவுசெஞ்சு யாரும் திருத்தாதீங்க. மாட்டுப் பொங்கலன்னைக்கு அவன் கண்ணுல நிறைஞ்சது அந்த வர்ணம் அடிச்ச கொம்புதான்.

ரெண்டு பொருள் வேண்டாம். ஒண்ணு, ஜிகினாத்தூள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்தான், பெருக்கினாலும் போகாது. வீட்டுக் கழிவை அலங்கரிக்க கடையில பிளாஸ்டிக் வாங்குறதுல எனக்குச் சம்மதமில்ல. இன்னொண்ணு, வழவழன்னு இருக்கிற கடை பில். அதுல மேல ரசாயனம் பூசியிருப்பாங்க, சூடு பட்டா கருக்கும். பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க.

முகவரியைப் பிள்ளைங்களே எழுதட்டும். பெரியவ அவ அப்பத்தாவுக்கு எழுதுறா. பின்கோடு ஆறு எண்ணும் எதுக்குன்னு கேட்டா. 6ல ஆரம்பிச்சா தமிழ்நாடு, கேரளா பக்கம், கடைசி மூணு எண் அந்தத் தபால் நிலையத்தைக் காட்டும்னு சொன்னேன். உடனே அவ மாமா ஊரு, தோழி வீடு, எல்லார் பின்கோடையும் கேட்டு எழுதி வச்சுக்கிட்டா. அவங்களுக்கும் அட்டை போகப் போகுதாம்.

பொங்கல் நெருக்கத்துல வச்சுக்காதீங்க, ஒரு வாரம் முன்னாடியே போட்டுருங்க. உறை புடைப்பா இருந்தா பெட்டியில போடாம, கவுன்ட்டர்ல கொடுத்து எடை பார்த்து ஸ்டாம்ப் ஒட்டுங்க. சின்னவன் அட்டையை அப்படித்தான் கொடுக்கப் போறோம். பூண்டுத் தோல் நொறுங்காம இருக்க நடுவுல ஒரு காலண்டர் தாளை மடிச்சு வச்சிருக்கோம். கிளம்புறோம்ங்க, தபால் ஆபீஸ் மூடிருவாங்க.