இடிக்கும் முன் மாடியில் ஏறிப் பாருங்கள்

நடுவர் அவர்களே, 'நூறாண்டு கண்ட பள்ளிக் கட்டடத்தைக் காப்பதா, இடிப்பதா?' என்பது தலைப்பு. இடிக்கச் சொல்லும் எதிரணித் தலைவர் இந்தக் கும்பகோணத்து மேடையில் 2004 ஜூலை 16 பள்ளித் தீ விபத்தை நினைவூட்டினார். 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்; அந்த வலி எங்களுக்கும் உண்டு. ஆனால் அன்று எரிந்தது கீற்றுக் கூரை. அந்தப் பழியைச் சுண்ணாம்புச் சுவர்மேல் போடலாமா?

1898-இல் ராமானுஜன் சேர்ந்த டவுன் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். மாடியில் ஏறிப் பார்க்கத்தான் ஆளில்லை!

"கூரை ஒழுகுகிறதே" என்றார் எதிரணித் தலைவர். ஏன் ஒழுகுகிறது? இந்தப் பழைய கட்டடங்களின் தட்டைக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அடியில் தேக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, கோணவாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். இது தானாகக் கெடாது. தண்ணீர் போகும் தூம்பில் சருகு அடைக்கும், தேங்கிய ஈரத்தில் அரசங்கன்று முளைக்கும், வேர் இறங்கும். சுவருக்குள் செருகிய சட்டத்தின் முனை முதலில் உளுத்துப்போகும். சட்டத்தின் நடுப்பகுதி கல்லாட்டம் இருக்கும்! முட்டுக் கொடுத்து, முனையைச் சுத்தியால் தட்டி, குத்தூசியால் குத்திப் பார்த்தால் எது மாற்ற வேண்டியது என்று தச்சர் சொல்லிவிடுவார்.

அடுத்தது சிமென்ட். டெல்டா களிமண்ணில் மழைக்காலத்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் மேலே ஏறும்; உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். "பழைய சுவர், அதான்" என்பார்கள். பூசியது போன வருஷத்துச் சிமென்ட், ஐயா! கெட்ட இடத்தைக் கொத்தி எடுத்து, நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு, மூன்று பங்கு சேர்த்துப் பூசவேண்டும். தை பிறந்து மழை ஓய்ந்தபின் தொடங்கி, பூச்சு சட்டென்று காயாமல் ஈரச்சாக்குப் போட்டு வைக்கவேண்டும்.

ஸ்மார்ட் வகுப்பு வேண்டுமாம். வரட்டும்! சுவரைக் காடி வெட்டாமல் மேலோட்டமாகக் குழாய் வைத்து வயர் இழுத்தால் போதும்.

அஸ்திவாரம் இறங்கிச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, சரிசெய்ய முடியாது என்று பொறியாளர் எழுதிக்கொடுத்தால் இடியுங்கள். நாங்களே கடப்பாறை தருகிறோம். எதிரணியினர் ஒரு சட்டத்தையாவது தட்டிப் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.